நடுவிரல் எந்த மின்னோட்டத்தைக் காட்ட வேண்டும்?

தேவகோட்டையில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது. நீண்ட நேரான கம்பி ஒன்றில் மின்னோட்டம் கீழிருந்து மேலாகப் பாய்கிறது. கம்பிக்கு வலப்புறம் இருக்கும் எலக்ட்ரான் ஒன்று கம்பியை நோக்கி நேராக வருகிறது. அதன்மீது செயல்படும் காந்தவிசை எந்தத் திசையில் இருக்கும்? இடக்கையின் மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டி, சுட்டுவிரல் காந்தப்புலத்தையும் நடுவிரல் மின்னோட்டத்தையும் காட்டினால் பெருவிரல் விசையைக் காட்டும் என்னும் பிளெமிங் இடக்கை விதியை வைத்துப் பார்த்தபோது தமக்கு இடப்பக்கம் என்று வந்ததாகவும், எலக்ட்ரான் எதிர்மின்துகள் ஆதலால் அதைத் திருப்பி வலப்பக்கம் என்று எழுதியதாகவும், விடைக்குறிப்பிலோ மேல்நோக்கி என்று இருப்பதாகவும் சொல்கிறார்.

விடைக்குறிப்பு சரி. பிழை உங்கள் நடுவிரலில் இருக்கிறது.

இந்தக் கணக்கில் மின்னோட்டம் என்று சொல்லத்தக்கவை இரண்டு. ஒன்று கம்பியில் ஓடுவது. அது காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, அத்துடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது. மற்றொன்று நகர்ந்து வரும் எலக்ட்ரானே. ஒற்றைத் துகளாக இருந்தாலும் நகரும் மின்துகள் ஒரு மின்னோட்டம்தான், விசையை வாங்கிக்கொள்வதும் அதுதான். பிளெமிங்கின் நடுவிரல் விசையை வாங்கும் மின்னோட்டத்தைக் காட்ட வேண்டும். கேள்வித்தாளில் ‘மின்னோட்டம்’ என்ற சொல் கம்பிக்கு மட்டுமே எழுதப்பட்டிருப்பதால் நீங்கள் நடுவிரலைக் கம்பியின் வழியே மேல்நோக்கி நீட்டிவிட்டீர்கள். அப்படி வைத்தால் கிடைக்கும் விடை, அந்த இடத்தில் இன்னொரு கம்பி இணையாக நின்றிருந்தால் அது எந்தப் பக்கம் இழுபடும் என்பதற்கான விடை. எலக்ட்ரானுக்கு உரியது அன்று.

நீங்கள் எழுதிய விடை தவறு என்பதைக் கையைத் தூக்காமலே கண்டிருக்கலாம். எலக்ட்ரான் இடப்பக்கமாக வருகிறது. விசை வலப்பக்கம் என்றால் அது இயக்கக் கோட்டிலேயே எதிர்த்து நிற்கிறது, எனவே துகளின் வேகம் குறைய வேண்டும். காந்தவிசை எப்போதும் திசைவேகத்துக்குச் செங்குத்தாகவே இருக்கும். அது துகளைத் திருப்பும், அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. ஆகவே இயக்கக் கோட்டிலேயே விசை வந்துவிட்டால், எந்த விரல் என்று தெரியாவிட்டாலும், ஏதோ ஒரு விரல் இடம் மாறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில் இதே பிழையைக் கரும்பலகையில் செய்து, மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பையன் “சார், அப்படின்னா துகளோட வேகம் கூடுமே” என்று கேட்க, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றிருக்கிறேன்.

இனிச் சரியான வழியைப் பார்ப்போம். தாளில் வரைந்தால் ‘தாளுக்குள்’, ‘தாளுக்கு வெளியே’ என்ற குழப்பம் வந்து சேரும் என்பதால் நான் இதை நம் பகுதி வீடுகளின் வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில், வைத்துச் சொல்வது வழக்கம். வளவைச் சுற்றி நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களில் ஒன்றை மேல்நோக்கி மின்னோட்டம் பாயும் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தூணுக்குத் தெற்கே, வடக்கு நோக்கி நிற்கிறீர்கள். வலக்கைப் பக்கம் கிழக்கு. எலக்ட்ரான் தூணுக்குக் கிழக்கே இருந்து மேற்கு நோக்கித் தூணை அணுகுகிறது. உங்கள் கேள்வியில் இருக்கும் படமும் இதுவும் ஒன்றே. ‘தாளுக்குள்’ என்பது இங்கே ‘வடக்கு’ ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் புலம். தேன்குழல் பிழியும் திருகு வைத்த பித்தளை நாழியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரமுள் திசையில் கைப்பிடியைத் திருகினால் உள்ளே இருக்கும் தட்டு கீழே இறங்கும். எதிராகத் திருகினால் மேலே ஏறும். தட்டு போகும் திசை மின்னோட்டம் என்றால் கைப்பிடி சுற்றும் திசை காந்தப்புலம். பாடநூல் இதையே வலக்கைப் பெருவிரலைக் கொண்டு சொல்கிறது, இரண்டும் ஒன்றே. வேறு விதமாகச் சொன்னால், மின்னோட்டம் கீழ்நோக்கி இருந்தால் புலம் நாம் கோயிலை வலம் வருவதைப் போலக் கம்பியைச் சுற்றும். மேல்நோக்கி இருந்தால் இடமாகச் சுற்றும். இங்கே மின்னோட்டம் மேல்நோக்கி. தூணைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கோலமாவால் ஒரு வட்டம் வரைந்து அதில் இடமாக நடந்து பாருங்கள்: தூணுக்குக் கிழக்கே வரும்போது உங்கள் முகம் வடக்கு நோக்கியிருக்கும். எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் புலம் வடக்கு என்பது இதனால் தெளிவு. இந்தக் கட்டம் முடிந்தவுடன் தூணை மறந்துவிட வேண்டும். இனி அதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அந்த ஒரு புள்ளியில் புலம் வடக்கு என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்து விசை. இடக்கையை எடுங்கள். சுட்டுவிரல் புலத்தின் திசையில், அதாவது உங்களுக்கு நேர் முன்னே வடக்கு நோக்கி. நடுவிரல் துகள் உண்டாக்கும் மின்னோட்டத்தின் திசையில். எலக்ட்ரான் மேற்கு நோக்கிப் போகிறது. எதிர்மின்துகள் மேற்கே போனால் மின்னோட்டம் கிழக்கே போவதாகப் பொருள். ஆகவே நடுவிரல் வலப்பக்கம், கிழக்கு நோக்கி. கையை முறுக்க வேண்டிய தேவையே இல்லை, இடக்கை இயல்பாகவே இப்படி அமையும். பெருவிரல் கூரையைப் பார்த்து நிற்கிறது. விசை மேல்நோக்கி. எதிர்மின்துகளுக்கான திருப்பத்தை நடுவிரலிலேயே செய்துவிட்டோம் என்பதால் கடைசியில் மறுபடியும் திருப்பக் கூடாது. நடுவிரலில் ஒருமுறையும் விடையில் ஒருமுறையும் ஆக இருமுறை திருப்பிவிட்டு நேர்மின்துகளின் விடையை எழுதி வருபவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

ஒரு வகையில் பிளெமிங் மீது குறை சொல்ல முடியாது. லண்டனில் பேராசிரியராக இருந்த அவர் தம் மாணவர்களுக்கு மோட்டாரையும் ஜெனரேட்டரையும் விளக்குவதற்காகக் கண்ட நினைவுக் குறிப்பு அது. மோட்டாரில் புலம் காந்தத்திலிருந்தோ தனிச் சுருளிலிருந்தோ வருகிறது, விசையை வாங்குவது சுழலும் சுருள். எது எது என்ற ஐயம் எழுவதில்லை. நேர்கம்பியும் தனித்துகளும் சேர்ந்த கணக்கில்தான் இரண்டும் குழம்புகின்றன. என் கருத்தில் இந்தக் கணக்குகளுக்குக் கைவிதியைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நீண்ட நேர்கம்பியின் அருகே ஒரு நேர்மின்துகள் நான்கு வகையாக நகரலாம்: மின்னோட்டத்துக்கு உடனாக, கம்பியை நோக்கி உள்ளே, மின்னோட்டத்துக்கு எதிராக, கம்பியை விட்டு வெளியே. இவற்றை ‘உடன், உள், எதிர், வெளி’ என்ற வரிசையில் ஒரு வட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். ‘வெளி’ முடிந்தால் மறுபடியும் ‘உடன்’. துகள் எந்தச் சொல்லின் திசையில் நகர்கிறதோ அதற்கு அடுத்த சொல்லின் திசையில் விசை இருக்கும். உடனாகப் போகும் துகளை விசை உள்ளே இழுக்கும். உள்ளே வரும் துகளை மின்னோட்டத்துக்கு எதிராகத் தள்ளும். எதிராகப் போவதை வெளியே தள்ளும். வெளியே போவதை மின்னோட்டத்துக்கு உடனாகக் கொண்டுபோகும். எலக்ட்ரானுக்கு அடுத்த சொல்லுக்குப் பதில் முந்தைய சொல். உங்கள் எலக்ட்ரான் ‘உள்’ளே வருகிறது, முந்தைய சொல் ‘உடன்’, கம்பியின் மின்னோட்டம் மேல்நோக்கி, விசையும் மேல்நோக்கி. துகள் கம்பிக்கு இடப்புறம் இருந்து உள்ளே வந்தாலும், முன்னிருந்தோ பின்னிருந்தோ வந்தாலும் விடை மாறாது, ஏனென்றால் இந்தச் சொற்கள் வலம் இடம் பாராமல் கம்பியை வைத்தே சொல்லப்பட்டவை. ஐந்தாவதாக, துகள் கம்பியைச் சுற்றும் வட்டத்தின் திசையில் நகர்ந்தால் அது புலத்தோடு இணையாகப் போகிறது, விசையே இல்லை. சாய்வாக வரும் துகளின் திசைவேகத்தை இந்தக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விசையைக் கண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையின் முதல் கண்ணியை மட்டும் மறக்காமல் வைத்திருந்தால் மற்றவை தாமே வந்துவிடும். அதற்கும் வழி இருக்கிறது. 1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை வெளியிட்ட சில வாரங்களிலேயே, பாரிஸில் ஆம்பியர் ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இரண்டு இணைகம்பிகள் ஒன்றையொன்று கவர்வதைக் காட்டினார். உடனாகப் போவது உள்ளே இழுபடும் என்பது அதே செய்தி. 1948 முதல் 2019 வரை ஆம்பியர் என்ற அலகுக்கே இதுதான் வரையறையாக இருந்தது: வெற்றிடத்தில் 1 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு நீண்ட இணைகம்பிகளுக்கிடையே ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 2×10⁻⁷ நியூட்டன் விசையை உண்டாக்கும் மின்னோட்டம் 1 ஆம்பியர். அதே 1948-இல்தான், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாயிலும், காரைக்குடியில் நாம் சிக்ரி என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். இரண்டுக்கும் தொடர்பு எதுவுமில்லை, ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள எனக்கு உதவுகிறது.

மின்வேதியியல் என்று சொன்னதும் சொல்ல வேண்டிய ஒன்று நினைவுக்கு வருகிறது. உப்புக்கரைசலில் நேரயனிகள் ஒரு திசையிலும் எதிரயனிகள் எதிர்த்திசையிலும் நகர்கின்றன. காந்தப்புலத்தில் இவை இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளப்படும் என்றுதான் பலரும் முதலில் சொல்வார்கள். உண்மையில் இரண்டும் ஒரே பக்கம் தள்ளப்படுகின்றன: மின்னூட்டத்தின் குறியும் மாறுகிறது, இயக்கத்தின் திசையும் மாறுகிறது, இரண்டு மாற்றங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இதை அடுப்படியிலேயே காணலாம். அகலமான பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றின் உட்சுவரை ஒட்டிச் செம்புக்கம்பியை வளையமாக வைத்து, நடுவில் ஒரு செம்புத்துண்டை நிறுத்தி, உப்புநீர் ஊற்றி, கிண்ணத்தின் அடியில் வலுவான காந்தம் ஒன்றை வடமுனை மேலே பார்க்குமாறு வையுங்கள். 9 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையை நடுவிலும் எதிர்முனையை வளையத்திலும் இணைத்து, மேலே மிளகுத்தூளைத் தூவினால், தூள் மெல்ல வலமாகச் சுற்றத் தொடங்கும். மின்னோட்டம் நடுவிலிருந்து வெளியே, புலம் மேல்நோக்கி. இடக்கையை வைத்துப் பார்த்தால் விசை வலஞ்சுழியாக வரும். மின்கலத்தின் முனைகளை மாற்றினால் தூள் நின்று, பிறகு இடமாகச் சுற்றும். நீர் சிறிது நேரத்தில் நிறம் மாறிவிடும், கெட்ட வாடையும் வரலாம். காற்றோட்டமான வளவில் செய்து, முடிந்ததும் கொட்டிவிட வேண்டும்.

கம்பியின் புலம் எவ்வளவு வலிமை உடையது என்பதையும் பார்த்துவிடலாம். 10 ஆம்பியர் பாயும் நீண்ட நேர்கம்பியிலிருந்து 5 செ.மீ. தொலைவில் புலம் 40 மைக்ரோடெஸ்லா. நம் பகுதியில் புவியின் காந்தப்புலமும் ஏறத்தாழ இதே அளவுதான். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போவதால் இங்கே அது கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வடக்கு நோக்கியிருக்கிறது. ஆகவே மேல்நோக்கி மின்னோட்டம் பாயும் கம்பிக்கு 5 செ.மீ. வடக்கே காந்த ஊசியை வைத்தால், கம்பியின் புலம் மேற்கும் புவியின் புலம் வடக்குமாக இழுக்க, ஊசி இரண்டுக்கும் நடுவே வடமேற்கு நோக்கி நிற்கும். அதே ஊசியைக் கம்பிக்கு மேற்கே 5 செ.மீ.யில் வைத்தால் இரண்டு புலங்களும் எதிரெதிராகி ஊசி திசை தெரியாமல் தடுமாறும். 10 ஆம்பியர் வேண்டியதில்லை. 1 ஆம்பியர் பாயும் கம்பியைப் பெரிய சட்டமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, ஒரு பக்கத்தை மட்டும் ஊசியின் அருகே நிறுத்தி, மற்றப் பக்கங்களை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் போதும். வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்ய முயல வேண்டாம். அது உயிருக்கு ஆபத்து என்பது ஒருபுறம் இருக்க, நொடிக்கு நூறு முறை திசை மாறும் மின்னோட்டத்தை ஊசியால் பின்தொடரவும் முடியாது.

ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகள் இருந்தால் செய்ய வேண்டியது சுருக்கமானது: துகள் இருக்கும் புள்ளியில் ஒவ்வொரு கம்பியின் புலத்தையும் தனித்தனியே கண்டு வெக்டராகக் கூட்டிவிட்டு, அதன்பின் ஒரே ஒருமுறை விசையைக் காண வேண்டும். ஒரே அளவு மின்னோட்டம் ஒரே திசையில் பாயும் இரு கம்பிகளுக்கு நட்டநடுவே புலம் சுழி. அங்கே துகள் எப்படிப் போனாலும் அந்தக் கணத்தில் விசை இல்லை.

கையும் வேண்டாம், சொல்வரிசையும் வேண்டாம், காரணம் தெரிய வேண்டும் என்பவருக்கு ஒரு பத்தி. நேர்மின்துகள் ஒன்று மின்னோட்டத்துக்கு உடனாகப் போகிறது. அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தால் அது நகரவில்லை. நகராத துகளுக்குக் காந்தவிசை இருக்க முடியாது. ஆனாலும் அது கம்பியை நோக்கி இழுபடுகிறது. அங்கிருந்து பார்க்கும்போது கம்பியிலுள்ள எலக்ட்ரான்கள், மின்னோட்டத்துக்கு எதிராக நகர்பவை ஆதலால், அணுக்களைவிடச் சற்றே கூடுதல் வேகத்தில் எதிரே ஓடுகின்றன. சார்பியல் கொள்கைப்படி வேகம் கூடினால் இடைவெளி சுருங்கும். எனவே எலக்ட்ரான்கள் சிறிது நெருங்கி, கம்பி எதிர்மின்னூட்டம் பெற்றதாகத் தெரிகிறது. அது நேர்மின்துகளை இழுக்கிறது. 1 சதுர மி.மீ. செம்புக்கம்பியில் 10 ஆம்பியர் பாயும்போது எலக்ட்ரான்களின் இழுப்பு வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை என்பதையும், அத்தனை மெதுவான நகர்விலிருந்து இந்த விசை பிறக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்தால் வியப்பாகவே இருக்கிறது. ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுக் கட்டுரையும் காந்தமும் கடத்தியும் ஒன்றையொன்று சார்ந்து நகரும் புதிரிலிருந்துதான் தொடங்குகிறது.

மறுபடியும் உங்கள் எலக்ட்ரானுக்கு வருவோம். கேள்வி அதன் ஒரு கணத்தை மட்டுமே கேட்டது. அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எலக்ட்ரான் நொடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், 10 ஆம்பியர் பாயும் மெல்லிய கம்பியிலிருந்து 5 செ.மீ. தொலைவில், வெற்றிடத்தில் உள்ளே வருவதாகவும் புவியின் புலத்தை ஒதுக்கிவிட்டதாகவும் கொள்ளுங்கள். விசை 1.28×10⁻¹⁸ நியூட்டன். சிறியதுதான், ஆனால் எலக்ட்ரானின் எடையைப்போல் பதினான்காயிரம் கோடி மடங்குக்கு மேல். உள்ளே வரும் எலக்ட்ரானை அது மேலே திருப்புகிறது. மேலே, அதாவது உடனாகத் திரும்பிய எலக்ட்ரானுக்கு, முந்தைய சொல்லின்படி, விசை வெளியே. வெளியே திரும்பியதும் விசை எதிராக, அதாவது கீழே. கீழே போகத் தொடங்கியதும் விசை உள்ளே. இப்படி அது சுற்றிச் சுற்றி வருகிறது. கம்பிக்கு அருகே 2.8 செ.மீ. வரை வந்து, கம்பியைத் தொடாமலே திரும்பி, 8.8 செ.மீ. வரை விலகி, மறுபடியும் உள்ளே வருகிறது. வேகம் மட்டும் எந்த இடத்திலும் மாறுவதில்லை. அருகே இருக்கும்போது புலம் வலிமையானது, வளைவு இறுக்கமானது, அங்கே எலக்ட்ரான் மேல்நோக்கிப் போகிறது. தொலைவில் புலம் மெலிந்து வளைவு அகன்று, அங்கே கீழ்நோக்கிப் போகிறது. அகன்ற வளைவில் கீழே போகும் தூரம், இறுகிய வளைவில் மேலே ஏறும் தூரத்தைவிட அதிகம். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் எலக்ட்ரான் சிறிது சிறிதாக, முதல் கணத்தில் விசை மேல்நோக்கித் தள்ளிய அதே எலக்ட்ரான், தூணின் பக்கவாட்டில் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போகிறது.